அண்ணியின் சாட்சியம்

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கேள்வியைக் கடைசிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில், "அண்ணி, அடுப்புல பால் வெச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேனே, அடுப்பில் பால் எதுவும் இல்லை. அடுப்பையே பற்ற வைக்கவில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டதும் வாயில் வந்தது பால்தான். நீங்களும், "சரி சரி, பொங்கிடப் போகுது, போ" என்றீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருந்துக் கவுண்டரில் நின்று, மாத்திரையை வேளை தவறாமல் போட்டேன் என்று சொல்கிறவர்களின் முகத்தைத் தினமும் பார்க்கிறவர் நீங்கள்.

நீங்கள் சொன்னதை இங்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். சரியாகத்தான் கேட்டேனா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். "உங்கண்ணன் போனப்புறம் ஒரு வருஷம் நான் உன்னை மன்னிக்கவே இல்லடி. வாய் ஒண்ணு சொல்லிச்சு, மனசு வேற சொல்லிச்சு."

அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீங்கள் என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவீர்கள். இந்தத் தடவை அது நடக்கக் கூடாது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய் வருகிறார்கள். காது மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை. அன்று நான் போனை வைத்ததும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அவ என்ன சொன்னா?" என்று கேட்டார்கள். "நல்லா இருக்காங்களாம் அம்மா" என்றேன். "அவ என்னிக்கு நல்லா இல்லன்னு சொல்லியிருக்கா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள். இவர் சமையலறைக் குழாயைத் தானே பழுது பார்க்கிறேன் என்று இறங்கினார். இப்போது குழாயில் தண்ணீர் வருவதில்லை, சுவரில் வருகிறது. ஆளை வரச் சொல்லியிருக்கிறோம். உங்கள் சின்னவள் அனுப்பிய படத்தைப் பார்த்தோம். இத்தனை உயரம் எப்போது வளர்ந்தாள்? மூக்கு அப்படியே அண்ணன். அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகு நேரம் தரவே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் பல்கலைக்கழகத்தில் நடத்தும் பாடம் என்ன என்று நீங்கள் பல தடவை கேட்டு, நானும் சொல்லி, இருவரும் மறந்திருக்கிறோம். தடய அறிவியல் படிக்கிறவர்களுக்குத் தொழில் நெறி. கைரேகை, ரத்தம், விஷம் என்று மற்றப் பாடங்கள் எல்லாம் சினிமா. என்னுடையது டிக்கெட் வரிசை. உறையை எப்படி ஒட்டுவது, ஒட்டிய இடத்தின் மேல் எப்படிக் கையெழுத்துப் போடுவது, பார்த்ததை மட்டும் எப்படி எழுதுவது, சாட்சிக் கூண்டில் நிற்கும்போது தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது. அப்புறம், நமக்கு வேண்டியவர்களின் வழக்கு மேஜைக்கு வந்தால் எழுந்து விலகிக்கொள்வது. முதல் நாளே ஒரு நெட்டைப் பையன் எழுந்து, "மேடம், இந்தப் பேப்பர்ல கண்டுபிடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றான். எதற்கும் வாதாடுவதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருக்கிறேன். "இருக்கே, உங்களைத்தான்" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்த நேரத்துக்கு நல்ல பதிலாக இருந்தது. கண்டுபிடிக்கப்படப் போவது நான் என்று அப்போது தெரியவில்லை.

துறையின் பின்னால் உடைந்த நாற்காலிகள் போட்டு வைக்கும் ஓர் அறை உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை அதைக் காலி செய்து, மேஜை, திரைச்சீலை, திறந்து கிடக்கும் அலமாரி என்று வைத்து, திருட்டு நடந்த வீடு மாதிரி ஆக்குவோம். எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர்தான் நிரந்தரத் திருடர். ஒவ்வொரு வருஷமும் பிடிபட்டு அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்தத் தடவை கையுறை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். "எத்தனை தடவைதான் மேடம் நானே மாட்டறது? ஒரு தடவை தப்பிச்சுப் பாக்கறேனே" என்றார். கெஞ்சிக் கழற்ற வைத்தேன். மேஜை, நாற்காலியை நகர்த்தி எல்லாவற்றையும் சரி செய்ததில் எனக்குத் தாகம். மேஜை மேல் இருந்த கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு, அதை அங்கேயே வைத்துவிட்டு, வகுப்புக்குப் போய், சம்பவம் நடந்த இடத்தில் எதையும் தொடக் கூடாது என்று பேசினேன்.

மாணவர்கள் நாலு நாலு பேராகப் பிரிந்து ரேகை எடுத்தார்கள். துறையில் வேலை செய்கிற எல்லோருடைய ரேகையும் எங்களிடம் இருக்கும், எங்கள் கை தவறிப் பட்டிருந்தால் கழித்துவிடுவதற்காக. ஒரு குழு அதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. தம்ளரில் இருந்தவற்றில் மிகத் தெளிவான ரேகை என்னுடையது. கட்டை விரல் உட்பட.

அப்புறம் அவர்களுக்குள் சண்டை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற உதவியாளர் எனக்கு நடித்தே காட்டினார். "துறை சார்ந்த ஒருவரின் ரேகையும் காணப்பட்டது" என்று வழவழவென்று எழுதிவிடலாம் என்றானாம் வக்கீல். ஒரு பெண் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாளாம். எப்போதும் கதவோரம் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசுகிற பெண். "மார்க்கு போடறவங்க பேரையே எழுதுவியா? உனக்கு மூளை இருக்கா?" என்று இவன் கத்த, "ரேகை இருக்கு, ஆள் தெரியுது. எழுதாம என்ன பண்றது? துடைச்சிடலாமா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாளாம். கடைசியில் என் பெயரையும் பதவியையும் முழுதாக எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அவளே அறிக்கையைக் கொண்டு வந்தாள். உள்ளே வராமல் கதவருகில் நின்று, "மேடம், இதை நீங்க திருத்தக் கூடாது" என்றாள். ஏதோ தப்பாக எழுதிவிட்டுப் பயப்படுகிறாள் என்று நினைத்து, பரவாயில்லை, கொடு என்றேன். கொடுக்கவில்லை. "நீங்க உள்ள இருக்கீங்க மேடம்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன் அண்ணி. சிரித்துக்கொண்டே, எதிர் அறையில் சட்டம் நடத்துகிறவரிடம் கொண்டு போகச் சொன்னேன். அவர் நல்ல மதிப்பெண் போட்டு, ஓரத்தில் சிவப்பு மையால், "சம்பந்தப்பட்ட ஆசிரியை விசாரிக்கப்பட வேண்டும்" என்று எழுதி அனுப்பினார். பார்க்கிறபோதெல்லாம் எப்போது ஆஜராகப் போகிறீர்கள் என்று கேட்கிறார்.

மறுநாள் வகுப்பில் அதைப் பற்றிப் பேசினோம். மார்க்கு போடும் நாற்காலியிலிருந்து நான் ஏன் எழுந்துகொள்ள வேண்டும் என்று வக்கீலே வந்து வாதாடினான். எல்லாம் கலகலப்பாகத்தான் போயிற்று. அப்போது கதவோரத்துப் பெண், நான் முன்பு தடய ஆய்வுக்கூடத்தில் இருந்ததை வைத்துக் கேட்டாள். "மேடம், நீங்க லேப்ல வேலை பாத்தப்ப நிஜமாவே இப்படி விலகியிருக்கீங்களா?" ஆமாம் என்றேன். "நீங்க விலகினதால யாருக்காவது கஷ்டம் ஆச்சா?"

பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் திரும்பி அதைத் துடைத்தேன். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அண்ணன் எனக்கு அண்ணன் மட்டுமில்லை, உங்கள் கணவன், சின்னவளின் அப்பா. உங்களைக் கேட்காமல் அவனை நான் வகுப்புக்குக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். நீங்கள் யோசிக்கக்கூட இல்லை. "சொல்லு. ஆனா முழுசா சொல்லு. என்னைப் பெரிய மனசுக்காரி ஆக்கிடாத" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஒரு வருஷத்தைச் சொன்னீர்கள்.

முழுசா சொல்லு என்பது உங்கள் உத்தரவு. வகுப்பில் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு எழுதிக் காட்டுகிறேன். விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.

என் அண்ணன் வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான், கடைத்தெரு திருப்பத்தில் ஒரு வேன் இடித்துவிட்டு நிற்காமல் போயிற்று என்று தொடங்கினேன். போலீஸ் ஒரு வேனைப் பிடித்தது. அண்ணனின் பைக்கில் வேற்றுப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. நகக்கண் அளவுகூட இருக்காது. அந்தத் துகளும் வேனின் பெயிண்ட்டும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது அந்த உறை என் மேஜையில் இருந்தது. பெயிண்ட் என்றால் என் மேஜைதான். அடுக்கடுக்காகப் பூசிய வண்ணத்தை நுண்ணோக்கியில் பார்த்து, இது எந்த வண்டி, எத்தனை தடவை மறுபூச்சு ஆனது என்று சொல்கிற ஆட்கள் அப்போது அதிகம் இல்லை. நான் கெட்டிக்காரி என்று அவர்களிடம் சொல்லிக்கொள்ளக் கூசியது. ஆனால் அதை மறைத்தால் இந்தக் கதையில் யாருக்கும் நஷ்டமே இல்லாமல் போய்விடும். அதனால் சொன்னேன்.

உறையின் மேல் அண்ணனின் பெயர் இருந்தது. நான் பிரிக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இயக்குநரின் அறைக்குப் போனேன். அவர் உறையை வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் யார் பார்த்தாலும் கேள்வி வரும் என்று அதை வேறு ஊருக்கு அனுப்பினார். அங்கே கருவி பழுது. காத்திருந்தோம். கடைசியில், ஒப்பிட்டு முடிவு சொல்லும் அளவுக்குத் துகள் போதவில்லை என்று வந்தது. சந்தேகத்தின் பலன் வேன்காரனுக்குப் போனது. அவன்தானா, இல்லையா என்று இன்றுவரை நமக்குத் தெரியாது.

அம்மா சொன்னதையும் சொன்னேன். "ஊருக்கெல்லாம் பாத்துச் சொல்ற கண்ணு, கூடப் பொறந்தவனுக்கு மட்டும் மூடிக்கிச்சா?" அன்று நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து அண்ணனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிராமல் சொன்னீர்கள். "அத்தை, அவ செஞ்சதுதான் சரி. அவ பாத்துக் குடுத்திருந்தா, தங்கச்சி எழுதிக் குடுத்த சீட்டுன்னு ஒரே வார்த்தைல தூக்கிப் போட்டிருப்பாங்க." அதற்கப்புறம் அம்மா அதைப் பற்றி என்னிடம் பேச்செடுக்கவில்லை. அதிகம் இழந்தவள் சொல்லிவிட்ட பிறகு மற்றவர்கள் என்ன சொல்வது?

இதுவரை எனக்குப் பழகிய கதை. எனக்குள் பல தடவை சொல்லிக்கொண்டது. இதற்குமேல் உள்ளதை நான் அந்த வாரம்தான் கற்றுக்கொண்டு போயிருந்தேன்.

அந்த அண்ணி அதை நம்பிச் சொல்லவில்லை என்று வகுப்பில் சொன்னேன். நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். "அத்தை ஒரு பக்கம் உன்னைக் கிழிச்சிட்டு இருந்தாங்க. நானும் சேர்ந்துக்கிட்டா நீ எங்க போவ? அதான் சொன்னேன். உன் செருப்பு வாசல்ல கிடந்தா எனக்கு வீட்டுக்குள்ள வரவே பிடிக்காது."

அண்ணி, அந்த வருஷம் முழுக்க வார இறுதியில் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்களுக்குத் துணையாக இருக்கிறேன் என்று நினைத்து வந்தேன். அந்தச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். நீங்கள் சாப்பாடு போட்டீர்கள். போகும்போது சின்னவளை எழுப்பி எனக்குக் கையாட்டச் சொன்னீர்கள். போனை வைத்தபின் பற்ற வைக்காத அடுப்புக்கு முன்னால் நின்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். முதலில் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று யோசித்ததும் கோபம் போய்விட்டது. மறுநாளே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். ஒவ்வொரு தடவை கூண்டில் ஏறும்போதும், எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்டாலும், அண்ணி சரி என்று சொன்னதை நினைத்துக்கொண்டுதான் நின்றேன். இன்றைக்கு நான் ஒரு வகுப்பின் முன்னால் நிற்பதும் அதை வைத்துத்தான்.

நம்பாததைச் சாட்சியாகச் சொல்லக் கூடாது என்பதுதான் என் பாடத்தில் முதல் விதி. உங்களுக்கு என் பேப்பரில் ஒரு மார்க்குகூடக் கிடைக்காது. அந்தப் பொய்க்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று எந்தப் பாடத்திட்டத்தில் எழுதுவது? நம்பிச் சொல்லியிருந்தால் அது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எரிகிற மனசை வைத்துக்கொண்டு, அவன் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, எனக்காகச் சொன்னீர்களே. அதற்கு நன்றி என்று எழுதிப் பார்த்தேன். போதவில்லை. ஆனாலும் அந்த வார்த்தைதான் இருக்கிறது. நன்றி அண்ணி.

பிறகு எப்போதோ நிஜமாகவே சரி என்று தோன்றியதாகச் சொன்னீர்கள். உங்களோடு வேலை செய்கிறவள் மருத்துவர் சீட்டு இல்லாமல் தன் தங்கைக்கு மருந்தை எடுக்கப் போனதையும், நீங்கள் அவள் கையைப் பிடித்துத் தடுத்ததையும், "பிடிச்ச அப்புறம்தான் உன் ஞாபகம் வந்துச்சு" என்றதையும் வகுப்பில் சொன்னேன். அந்த இடத்தில்தான் பிள்ளைகள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

வக்கீல் எழுந்தான். வழக்கமான குரல் இல்லை. "மேடம், நீங்க பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?" என்றான். இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நான் இத்தனை வருஷம் பயந்தது உண்மை. அம்மா கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. "தெரியாது" என்றேன். கூண்டில் எத்தனையோ தடவை சொன்ன சொல்தான். அன்றுதான் அதைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. அவன், "சாரி மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

மணி அடித்துவிட்டது. யாரும் பையை எடுக்கவில்லை. கதவோரத்துப் பெண் கை தூக்கினாள். மறுபடி விதியைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். "அந்த அண்ணி இப்ப எப்படி இருக்காங்க மேடம்?" என்றாள்.

நல்லா இருக்காங்க என்று வாய்வரை வந்துவிட்டது. பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். நான் என்ன பார்த்திருக்கிறேன்? நீங்கள் அந்த ஊருக்கு மாறிப்போன பிறகு போனில் கேட்டால், நல்லா இருக்கேன் என்பீர்கள். மனசு எரிந்துகொண்டிருந்த அந்த வருஷமும் இதே வார்த்தையைத்தான் சொன்னீர்கள், நானும் எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். ஆகவே அந்தப் பெண்ணிடம், "கேட்டுச் சொல்றேன்மா" என்றேன்.

உங்களுக்கு எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். என்ன எழுதுகிறேன் என்று சொல்லவில்லை. "லீவுக்கு வரச் சொல்லு. வந்து சும்மா உக்காரச் சொல்லு. இங்க வந்தும் பாத்திரம் தேய்க்கக் கூடாதுன்னு நான் சொன்னேன்னு எழுது" என்றார்கள். எழுதிவிட்டேன். சின்னவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சுவரில் தண்ணீர் வருவது அதற்குள் நின்றுவிடும் என்று நம்புகிறோம். அவளுக்கு என் அன்பு. அவள் மனம்போல எல்லாம் நடக்கட்டும்.

இப்போது, கடைசிக்கு எடுத்து வைத்தது. நல்லா இருக்கேன் என்று ஒரு வரியில் பதில் போட வேண்டாம். நல்லா இல்லை என்றால் அப்படியே எழுதுங்கள். என் மேல் கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அதையும் எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை நான் திருத்தப் போவதில்லை. நான் உள்ளே இருக்கிறேன்.

எப்படி இருக்கிறீர்கள் அண்ணி?

அண்ணன் வைத்த பெயரை இப்போது நீங்கள் மட்டும்தான் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். அந்தப் பெயரிலேயே முடிக்கிறேன்.

என்றும் உங்கள்,
பூதக்கண்ணாடி